மின்சாரம் அச்சத்தை அழிக்காது

போரிலோ விபத்திலோ பாலியல் வன்முறையிலோ சிக்கி மீண்டவரின் தலையில் இரண்டு மின்முனைகளை ஒட்டி மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால், அவரைத் தூங்கவிடாமல் துரத்தும் பயம் அழிந்துபோகும் என்று ஒரு கதை உலவுகிறது. தலைக்கு மேலே ஒரு காந்தச் சுருளைப் பிடித்துச் சிறிது நேரம் இயக்கினால் கெட்ட நினைவின் விஷப்பல்லைப் பிடுங்கிவிடலாம் என்பது அதே கதையின் இன்னொரு வடிவம். ஆய்வுக் கட்டுரையில் இது தயங்கித் தயங்கித்தான் தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்புக்கு வரும்போது தயக்கம் பாதியாகக் குறைகிறது. நாளிதழ்த் தலைப்பில் அது முழுவதுமாகக் கழன்றுவிடுகிறது. கருவி விற்பவரின் விளம்பரத்தில் உத்தரவாதமாகவே மாறிவிடுகிறது.

இந்தக் கதையைத் தாங்கி நிற்பது மூளையைப் பற்றிய ஓர் எளிய படம். அமிக்டலா என்ற பாதாம்பருப்பு வடிவப் பகுதி அச்சத்தைக் கிளப்புகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணி அதை அடக்குகிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி., உள்ளவரிடம் முதலாவது முறுக்கேறியும் இரண்டாவது சோர்ந்தும் கிடக்கின்றன. சோர்ந்ததைத் தூண்டிவிடு, முறுக்கேறியது அடங்கும். படித்தவர்கள் பலர் இன்று இதை ஐயமற்ற அறிவியலாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். என் வாதம் இதற்கு நேரெதிரானது. இந்தத் துறையின் ஆய்வுகளைத் தலைப்புகளாக அல்லாமல் முழுதாகப் படித்தால், அவையே இந்தப் படத்தைக் கலைத்துப் போடுகின்றன. அச்சத்தை அழிக்கும் கருவி எதுவும் நம் கையில் இல்லை. இருப்பது, அச்சம் எப்படிக் கற்கப்படுகிறது என்று மூளையிடம் கேட்டுப் பார்க்க உதவும் ஒரு கருவி. இரண்டையும் போட்டுக் குழப்புவதால் நட்டப்படுபவர் நோயாளி.

பேசப்படும் கருவிகள் என்னென்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சினிமாவில் நாம் பார்த்துப் பழகிய ஷாக் ட்ரீட்மெண்ட் இதில் சேராது. டி.டி.சி.எஸ். என்பது 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் அளவுள்ள நேர்மின்னோட்டத்தை மண்டைக்கு வெளியிலிருந்து செலுத்துவது. கூச்சமும் அரிப்பும்தான் தெரியும். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலுஸ் இருவரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இவ்வளவு சிறிய மின்னோட்டமே இயக்கப் புறணியின் தூண்டப்படும் தன்மையை மாற்றுகிறது என்று காட்டி இந்தத் துறைக்குப் புத்துயிர் கொடுத்தது. டி.எம்.எஸ். என்பது காந்தத் துடிப்புகளால் மூளையின் மேற்பரப்பில் மின்னோட்டத்தைக் கிளப்புவது. மனச்சோர்வுக்கான சிகிச்சையாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் இதற்கு அனுமதி தந்தது.

எதிர்த்தரப்பின் கதை வெறும் கற்பனையில் பிறக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போர்ட்டோ ரீக்கோவின் போன்சே நகரில் முகமது மிலாத், கிரெகரி குவர்க் இருவரும் எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்கவைத்து உடனே காலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒலி கேட்டாலே எலிகள் உறைந்து நின்றன. பிறகு அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தபோது உறைவது குறைந்தது. இதுவே அச்சத் தணிப்பு. மறுநாள் அதே ஒலியைக் கேட்டபோது முன்நெற்றிப் புறணியின் கீழ்ப்பகுதி நரம்பணுக்கள் எந்த அளவுக்குத் துடித்தனவோ அந்த அளவுக்கு எலி அமைதியாக இருந்தது. தணிப்புப் பயிற்சியே பெறாத எலிகளிலும் ஒலியோடு சேர்த்து அந்தப் பகுதியை மின்சாரத்தால் தூண்டியதும் அச்சம் குறைந்தது. 2002இல் வெளிவந்த இந்த முடிவு உண்மையிலேயே அழகானது. மிலாத் பின்னர் பாஸ்டனில் பி.டி.எஸ்.டி. உள்ள மனிதர்களிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதோடு பொருந்தியது. அவர்கள் தணிப்பை அன்றைக்குக் கற்றார்கள். மறுநாள் அதை நினைவிலிருந்து எடுக்க முடியவில்லை. அப்போது அவர்களின் முன்நெற்றிப் புறணியின் கீழ்ப்பகுதி மங்கியே இருந்தது.

எலியில் தூண்டினால் அச்சம் குறைகிறது; மனிதரில் அந்த இடம் மங்கியிருக்கிறது; ஆகவே மனிதரில் தூண்டினால் குணமாகும். இந்த 'ஆகவே'யில்தான் வழுக்கல் தொடங்குகிறது.

முதல் பிழை, எதுவோ அழிகிறது என்ற நம்பிக்கை. தணிப்பு பழைய அச்சத்தை அழிப்பதில்லை என்பது பாவ்லோவ் காலத்துச் செய்தி. மணியோசைக்கு எச்சில் ஊறுவது நின்றுபோன நாயைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடி மணியடித்தால் எச்சில் திரும்பவும் ஊறியது. அழிந்துபோனது திரும்பி வராது, அடங்கியிருந்ததுதான் வரும். மார்க் பூட்டன் 1980களிலிருந்து பல பத்தாண்டுகள் இதையே துருவினார். ஒரு கூண்டில் அச்சம் தணிந்த எலியை வேறு கூண்டுக்கு மாற்றினால் அச்சம் மீண்டும் எழும். முன்னறிவிப்பே இல்லாத ஓர் அதிர்ச்சி கொடுத்தாலும் பழைய ஒலி மறுபடி பயமுறுத்தும். தணிப்பு என்பது பழைய பாடத்தின் பக்கத்தில் எழுதப்படும் புதிய பாடம். அந்தப் புதிய பாடம் கற்ற இடத்தையும் நேரத்தையும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். மருத்துவமனை அறையில் தைரியமாக இருப்பவர் வீடு திரும்பும் வழியில் ஒரு வெடிச்சத்தத்தில் நிலைகுலைவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. எனவே, மின்தூண்டல் தணிப்பை வலுப்படுத்துகிறது என்றே வைத்துக்கொண்டாலும், வலுப்பெறுவது ஒரு புதிய பாடம் மட்டுமே. பழையது இருந்த இடத்தில் இருக்கும்.

இதற்கு மறுமொழியாக மறு-உறுதியாக்கக் கோட்பாட்டை நீட்டுவார்கள். 2000ஆம் ஆண்டு கரீம் நாதர், க்ளென் ஷாஃப், ஜோசஃப் லெடூ மூவரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: எலிக்கு ஓர் அச்ச நினைவை நினைவூட்டியவுடன் அதன் அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால், அந்த அச்சம் பின்னர் வெளிப்படவில்லை. நினைவு ஒவ்வொரு முறை எழும்போதும் சற்றே இளகுகிறது, மறுபடி இறுகுவதற்குள் கைவைத்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கிருந்து பிறந்தது. இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகக் குழு 2020இல், நினைவூட்டலுக்குப் பின் முன்நெற்றிப் புறணியின் பக்கவாட்டில் காந்தத் தூண்டல் தந்தபோது அச்சம் திரும்பி வரவில்லை என்று அறிவித்ததும் இதன் தொடர்ச்சியே. ஆனால் கூடவே சொல்ல வேண்டிய இரண்டு செய்திகளைத் தலைப்புகள் சொல்வதில்லை. ஆம்ஸ்டர்டாமில் மெரெல் கிண்ட் குழு ப்ரோப்ரனலால் மருந்தை வைத்து 2009இல் செய்த சோதனையில், திடுக்கிடும் எதிர்வினை மறைந்தது. ஆனால் எந்தப் படத்துக்குப் பின் அதிர்ச்சி வரும் என்ற அறிவு பங்கேற்பாளர்களிடம் அப்படியே இருந்தது. நினைவு அழியவில்லை என்பதை ஆய்வாளர்களே காட்டிவிட்டார்கள். இரண்டாவது, இந்த வகைச் சோதனைகளை மீண்டும் செய்து பார்க்கும்போது நேர்வது. மருந்தில்லாமல், நினைவூட்டிய சில நிமிடங்களுக்குப் பின் தணிப்பைக் கற்பித்தாலே அச்சம் திரும்பாது என்று 2010இல் வெளிவந்து புகழ்பெற்ற மனித ஆய்வை, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் முன்கூட்டியே செய்முறையைப் பதிவு செய்துவிட்டு 2020இல் மறுபடி நடத்தினார்கள். அதே முடிவு கிடைக்கவில்லை.

இரண்டாவது பிழை, மின்னோட்டம் நாம் சொன்ன இடத்துக்குப் போய் நாம் சொன்ன வேலையைச் செய்யும் என்ற நம்பிக்கை. மண்டை ஓடும் தோலும் நல்ல காவலாளிகள். ஹங்கேரி, அமெரிக்க ஆய்வாளர்கள் இறந்தவர்களின் உடல்களில் அளந்து 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, தலைக்கு வெளியே செலுத்தும் மின்னோட்டத்தில் ஏறத்தாழ முக்கால்வாசி தோலிலும் எலும்பிலுமே தீர்ந்துவிடுகிறது. மிஞ்சியதும் ஓரிடத்தில் குவியாமல் பரவித்தான் போகிறது. எலியாய்வு சுட்டிய கீழ்ப்பகுதியோ மனிதரில் கண்களுக்குப் பின்னால், மூளையின் அடியில், நடுக்கோட்டை ஒட்டி ஒளிந்திருக்கிறது. சாதாரணக் காந்தச் சுருள் மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே வலுவாக எட்டாது. பாஸ்டனில் டோமி ரையின் குழு இதை நன்றாக உணர்ந்திருந்தது. 2018இல் வெளிவந்த ஆய்வில் அவர்கள் அந்தக் கீழ்ப்பகுதியோடு தொடர்புடைய, மேற்பரப்பில் இருக்கும் ஒரு புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, தணிப்புக் கற்றலின்போது அதில் சிறு துடிப்புகளைத் தந்தார்கள். மறுநாள் ஆரோக்கியமான பங்கேற்பாளர்களின் அச்ச எதிர்வினை குறைந்தது. சாமர்த்தியமான ஆய்வு. அந்தச் சாமர்த்தியம் தேவைப்பட்டதே, அந்த இடத்தை நேரடியாக முடுக்க முடியாது என்பதற்குச் சான்று.

இனி எதிர்த்திசையில் போன முடிவுகளைப் பாருங்கள். பெர்லினில் 2014இல் வெளிவந்த ஆய்வில், நினைவூட்டிய பின் வலப்பக்க முன்நெற்றிப் புறணிக்கு நேர்மின்னோட்டம் தந்தபோது அச்ச நினைவு கூடியது. ரானி அபென்ட் குழுவின் 2016 ஆய்வில், தணிப்பின்போது நடு முன்நெற்றிப் பகுதிக்கு நேர்மின்னோட்டம் பெற்றவர்கள், அதிர்ச்சியோடு ஒருபோதும் இணைக்கப்படாத தூண்டலுக்கும் பின்னர் பயந்தார்கள். அதாவது அச்சம் தணிவதற்குப் பதிலாகப் பரவியது. பி.டி.எஸ்.டி. உள்ளவரின் முதன்மைத் துயரமே ஆபத்தில்லாததெல்லாம் ஆபத்தாகத் தெரிவதுதான். அதைக் கூட்டக்கூடிய ஒன்றை, அதைக் குணமாக்குவது என்று எந்தத் துணிவில் விற்கிறார்கள்?

முன்நெற்றிப் புறணியை அச்சத்தின் கடிவாளமாகக் காட்டும் படத்துக்கு மிகப் பெரிய அடி 2008இலேயே விழுந்துவிட்டது. வியட்நாம் போரில் தலையில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களை மைக்கேல் கோனிக்ஸ், ஜோர்டான் கிராஃப்மன் குழுவினர் ஆராய்ந்தார்கள். மூளையில் காயமே படாத படைவீரர்களில் 48 விழுக்காட்டினருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. முன்நெற்றிப் புறணியின் கீழ்ப்பகுதி சிதைந்தவர்களில் அது 18 விழுக்காடு மட்டுமே. அமிக்டலா சிதைந்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. அமிக்டலாவைப் பற்றிய பகுதி எளிய படத்தோடு பொருந்துகிறது. கீழ்ப்பகுதியைப் பற்றியது அதைத் தலைகீழாகப் புரட்டுகிறது. கடிவாளம் அறுந்தவர்களிடம் அச்ச நோய் பெருகியிருக்க வேண்டும், குறைந்திருக்கிறது. இந்த ஆய்வை வைத்து அந்தப் பகுதிக்கு அச்சத்தில் பங்கில்லை என்று நான் சொல்லமாட்டேன். அச்சத்தை அடக்குவது, நடந்ததை மனத்தில் புரட்டிப் பார்ப்பது, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது எனப் பல வேலைகளில் அதற்குப் பங்கு இருப்பதால், ஒரு பொத்தானைப் போல அதை அழுத்த முடியாது என்றே சொல்கிறேன்.

மூன்றாவது பிழை மருத்துவக் களத்தில் நேர்வது. நோயாளியை நேரடியாகத் தொடுவதும் இதுதான். இஸ்ரேலில் மோஷே இஸர்லிஸ் குழு, அதிர்ச்சி நிகழ்வைச் சுருக்கமாக நினைவுபடுத்திவிட்டு ஆழக் காந்தத் தூண்டல் தந்த ஒரு சிறிய ஆய்வை 2013இல் வெளியிட்டது. நம்பிக்கை தரும் முடிவு. அதே முறையைப் பல மையங்களில் 125 பேரிடம் சோதித்த பெரிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. உண்மைத் தூண்டல் பெற்றவர்கள், கருவி இயங்குவதுபோலக் காட்டிப் போலித் தூண்டல் தரப்பட்டவர்கள் என்ற இரு குழுவினரும் தேறினார்கள். ஆனால் கூடுதலாகத் தேறியவர்கள் போலித் தூண்டல் பெற்றவர்கள்! மருத்துவர் மதிப்பிட்ட நோய் அளவுகோலில் உண்மைத் தூண்டல் குழு ஏறக்குறைய 16 புள்ளிகள் இறங்கியபோது, போலித் தூண்டல் குழு ஏறக்குறைய 20 புள்ளிகள் இறங்கியது. இப்படியொரு முடிவை மறைக்காமல் வெளியிட்ட ஆய்வாளர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அழிப்புக் கதை பேசுகிறவர்கள் இந்த ஆய்வின் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

இரு குழுவுக்கும் பொதுவாக இருந்தது என்ன? நடந்ததை மனத்தில் கொண்டுவந்து, அதை எதிர்கொண்டு, உயிரோடு வெளியே வருகிற அந்தச் சில நிமிடங்கள். வேலை செய்தது அதுவாகவே இருக்கலாம். காந்தம் அதற்கு இடைஞ்சலாகக்கூட இருந்திருக்கலாம். மூளைத் தூண்டலை நான் உரத்தோடு ஒப்பிடுவேன். உரத்துக்கு நெல் எது, களை எது என்று தெரியாது. அந்த நேரத்தில் வளர்ந்துகொண்டிருப்பது எதுவோ அதற்கு ஊட்டும். நோயாளியின் மனத்தில் பாதுகாப்புணர்வு வேர்விடும் தருணத்தில் தூண்டினால் அது தழைக்கலாம். அச்சம் கிளர்ந்து நிற்கும் தருணத்தில் தூண்டினால் அச்சம் தழைக்கலாம். பெர்லின் முடிவும் பாஸ்டன் முடிவும் ஒன்றோடொன்று மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இந்தப் புரிதலில் மட்டுமே.

வெற்றி பெற்ற ஆய்வுகளை மறைக்கிறாயா என்று கேட்கலாம். மறைக்கவில்லை, அவற்றையே என் பக்கத்துச் சாட்சியாக அழைக்கிறேன். கோஸல் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில் 103 முன்னாள் படைவீரர்கள் பங்கேற்றார்கள். அறிவுசார் செயலாக்கச் சிகிச்சையின் ஒவ்வோர் அமர்வுக்கும் சற்று முன்னால் காந்தத் தூண்டல் பெற்றவர்கள், போலித் தூண்டலோடு அதே சிகிச்சை பெற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள். மாஷா வான்ட் வவுட்-ஃப்ராங்க் குழு 2024இல் வெளியிட்டது 54 முன்னாள் படைவீரர்களைப் பற்றியது. மெய்நிகர் கண்ணாடி அணிந்து போர்க்களக் காட்சிகளுக்குள் போய்வரும் ஆறு அமர்வுகளின்போது 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பெற்றவர்கள், ஒரு மாதத்துக்குப் பிறகு போலிக் குழுவைவிடக் குறைந்த அறிகுறிகளைத் தெரிவித்தார்கள். இரண்டு ஆய்விலும் தூண்டல் தனியாக வரவில்லை. ஒரு கற்றலின் தோளில் ஏறித்தான் வந்தது. போலித் தூண்டல் பெற்றவர்களும் தேறினார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால், முதன்மை மருந்து எது, துணைமருந்து எது என்பதில் ஐயம் எழாது.

அந்தத் துணைமருந்தும் நேரம் பார்த்தே வேலை செய்கிறது போலும். வான்ட் வவுட்-ஃப்ராங்க் குழு 28 முன்னாள் படைவீரர்களிடம் முன்னதாகச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில், தணிப்பைக் கற்கும்போதே பத்து நிமிடம் மின்னோட்டம் தருவதையும், கற்று முடித்தவுடன் தருவதையும் ஒப்பிட்டார்கள். கற்று முடித்தவுடன் தந்த குழுவிடம் மறுநாள் அச்ச எதிர்வினை சற்றே குறைவாக இருந்தது. அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்கு இல்லை. இதில் நோயைத் தீர்த்த கதை எதுவும் இல்லை. ஆனால் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: புதிய பாடம் மூளையில் இறுகும் நேரம் எது? மூளைத் தூண்டல் ஆய்வின் உண்மையான மதிப்பு இத்தகைய கேள்விகளில்தான் இருக்கிறது.

நான்காவது பிழை எல்லாவற்றிலும் ஆழமானது. ஆய்வகத்தில் அளக்கப்படும் அச்சத்தையும் அதிர்ச்சியில் சிக்கியவரின் வாழ்க்கையையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்வது. ஆய்வகத்தில் நடப்பது இதுதான். திரையில் இரண்டு வண்ண வடிவங்கள் தோன்றும். ஒன்றுக்குப் பின் மட்டும் சில நேரம் மணிக்கட்டில் மின்னதிர்ச்சி வரும். அதன் அளவை, எரிச்சலூட்ட வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது என்று பங்கேற்பாளரே தேர்ந்தெடுப்பார். விரல்களில் ஊறும் நுண்ணிய வியர்வையால் தோலின் மின்கடத்தும் திறன் எவ்வளவு கூடுகிறது என்று அளப்பார்கள். இரண்டு மூன்று நாளில் சோதனை முடிந்துவிடும். அமிக்டலா ஆய்வின் முன்னோடியான லெடூவே, இப்படி அளப்பது உடலின் தற்காப்பு எதிர்வினையை மட்டுமே, மனிதர் உணரும் பயம் வேறு என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்.

பி.டி.எஸ்.டி. என்ற நோயறிதல் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றபோது பதற்றக் கோளாறுகளின் வரிசையில் வைக்கப்பட்டது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு அதை அந்த வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தது. நிகழ்வின்போது கடும் அச்சமோ கையறுநிலையோ பீதியோ இருந்திருக்க வேண்டும் என்று முந்தைய பதிப்பு விதித்த நிபந்தனையையும் நீக்கியது. காரணம் எளிது. குற்றவுணர்ச்சி, வெட்கம், கோபம், மரத்துப்போதல் ஆகியவற்றால் நொறுங்கியவர்களும் மருத்துவரிடம் வந்துகொண்டிருந்தார்கள். புதிய விதிமுறைகளின்படி ஒருவருக்கு பி.டி.எஸ்.டி. அமையக்கூடிய அறிகுறிச் சேர்க்கைகள் 6,36,120 என்று கேலட்ஸர்-லெவியும் பிரையன்ட்டும் 2013இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். தோழனைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டேனே என்று ஒரு வீரர் உருகும் துயரத்தை, வண்ண வடிவத்துக்கும் மணிக்கட்டு அதிர்ச்சிக்கும் இடையிலான கணக்காகச் சுருக்க எந்தக் கருவிக்கும் உரிமை கிடையாது.

தணிப்புக் கற்றலுக்கு இன்னொரு முன்நிபந்தனையும் உண்டு: ஆபத்து உண்மையிலேயே முடிந்திருக்க வேண்டும். அது முடியாத இடங்களில் வாழ்பவரின் விழிப்பு, நோய் என்பதைவிடத் தற்காப்பு. இந்தத் துறையின் முக்கியமான ஆய்வுகள் சில அட்லாண்டாவின் கிரேடி மருத்துவமனைக்கு வரும் ஏழைக் கறுப்பின மக்களிடம் நடந்தவை. அவர்களில் பலருக்கு வன்முறை பழங்கதை ஆகிவிடவில்லை. நமக்கு நெருங்கிய சான்றும் இருக்கிறது. போர் முடிந்த 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுக்கப்பட்டு 2011இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான கணக்கெடுப்பின்படி, பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் 7 விழுக்காட்டினரிடம் இருந்தன, மனச்சோர்வு 22.2 விழுக்காட்டினரிடம், பதற்றம் 32.6 விழுக்காட்டினரிடம். அச்ச நினைவை மட்டும் குறிவைக்கும் மருத்துவம் அங்கே பெரும்பாலானோரின் வேதனையைத் தொடாமலே கடந்துபோயிருக்கும். யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவதும் இதுதான்: குடும்பமும் ஊரும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கமும் சேர்ந்தே உடைந்த இடத்தில், காயம் தனிமனிதரின் மண்டைக்குள் மட்டும் இருப்பதில்லை.

அப்படியானால் மூளைத் தூண்டல் ஆய்வே வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும். மூளையைப் படமெடுக்கும் கருவிகள் எந்த இடம் எப்போது ஒளிர்கிறது என்று சொல்லும்; ஒளிர்வது காரணமா, விளைவா, வெறும் உடன்நிகழ்வா என்று சொல்லாது. ஆரோக்கியமான மனிதரின் மண்டையைத் திறக்காமலே ஓரிடத்தைச் சற்று அசைத்துவிட்டு, கற்றல் எப்படி மாறுகிறது என்று பார்க்க இந்தக் கருவிகள் வழிதருகின்றன. கிரேடியில் தான்யா யோவானோவிச் குழு, பி.டி.எஸ்.டி. உள்ளவர்களுக்குப் பாதுகாப்பை அறிவிக்கும் குறிப்பு கிடைத்தபோதும் அச்சத்தை அடக்க முடிவதில்லை என்று 2010வாக்கில் காட்டியது. அச்சத்தைக் கற்பதில் கோளாறில்லை, பாதுகாப்பைக் கற்பதில்தான் கோளாறு என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெறுகிறது. இது உண்மையா, எந்த அறிகுறியோடு சேர்ந்து வருகிறது, மூளையின் எந்தப் பகுதியை அசைத்தால் மாறுகிறது என்பதெல்லாம் தூண்டல் ஆய்வு விடைதேட உதவும் கேள்விகள். பெர்லின் குழுவுக்கும் அபென்ட் குழுவுக்கும் கிடைத்த கசப்பான முடிவுகள் அழிப்புக் கதைக்குத் தோல்வி. அறிவியலுக்கு அவையே வரவு.

ஆனால் அந்த ஆய்வு நேர்மையாக நடக்க வேண்டும். டினா லோன்ஸ்டார்ஃப் குழு 2019இல் இந்தத் துறையின் கட்டுரைகளைத் துழாவியபோது, அச்சத்தைக் 'கற்காதவர்' என்றும் 'எதிர்வினை காட்டாதவர்' என்றும் பங்கேற்பாளர்களை ஒதுக்கும் அளவுகோல் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதைக் கண்டது. யாரை ஒதுக்குகிறோம் என்பதைப் பொறுத்து முடிவே மாறலாம். எனவே செய்முறையை முன்பதிவு செய்வதும், பங்கேற்பாளர் தொகையைக் கூட்டுவதும், அச்சம் கூடியதையும் ஒளிக்காமல் எழுதுவதும், மறுநாளோடு நிறுத்தாமல் மாதங்கள் கழித்தும் அளப்பதும், வியர்வையோடு நிறுத்தாமல் தூக்கம், உறவு, வேலைக்குப் போதல் ஆகியவற்றையும் கேட்பதும் இந்த ஆய்வுகளுக்குக் குறைந்தபட்சத் தகுதிகளாக வேண்டும்.

நம்பிக்கை கொடுப்பதில் என்ன கெடுதல் என்பது எதிர்த்தரப்பின் கடைசிக் கேள்வி. கெடுதல் உண்டு. மூளையில் ஒரு சுற்று பழுது, இயந்திரம் சரிசெய்துவிடும் என்று நம்பவைக்கப்பட்டவர், தன் அனுபவத்தை எதிர்கொள்ளும் கடினமான வேலையைத் தள்ளிப்போடுவார். இயந்திரம் கைவிட்டால் தன் மூளையே திருந்தாதது என்று முடிவுகட்டுவார். பணமும் போகும். நம் ஊர்களின் தனியார் மனநல மையங்களிலும் டி.எம்.எஸ். கருவிகள் வந்துவிட்டன, மனச்சோர்வுக்கு அதற்குச் சான்று இருக்கிறது. அந்தச் சான்றைக் கடன்வாங்கி அதிர்ச்சி நோய்க்கும் விரிப்பது வேறு கதை. மனச்சோர்விலுமே, அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 164 பேரிடம் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், உண்மைத் தூண்டலில் 41 விழுக்காட்டினரும் போலித் தூண்டலில் 37 விழுக்காட்டினரும் குணமடைந்தார்கள். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நாள்தோறும் ஒருவர் வந்து அமர்வதும், இன்னொருவர் அவரைக் கவனித்துக்கொள்வதும் எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு இது ஓர் அளவு.

போர்க்காயங்களை மிக அதிகமாகப் பார்த்த அமைப்புகளில் ஒன்றான அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, பி.டி.எஸ்.டி.க்குக் காந்தத் தூண்டலையோ நேர்மின்னோட்டத்தையோ பரிந்துரைக்கவும் மறுக்கவும் போதிய சான்று இல்லை என்கிறது. அது உறுதியாகப் பரிந்துரைப்பது, நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை போன்ற, பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே அமர்ந்து நடத்தும் உரையாடல் சிகிச்சைகளை. நமக்குப் பற்றாக்குறையாக இருப்பவர்களும் அப்படிப் பயிற்சி பெற்றவர்களே. அச்சத்தை மின்சாரம் அழித்துவிட்டது என்ற தலைப்பை அடுத்த முறை பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். மின்னோட்டம் ஓடியபோது அவர் என்ன கற்றுக்கொண்டிருந்தார்? போலித் தூண்டல் பெற்றவர் எவ்வளவு தேறினார்? எத்தனை மாதம் கழித்து அளந்தார்கள்? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத செய்தியை நம்பாதீர்கள். விடை சொல்லாத மையத்தில் பணம் கட்டாதீர்கள்.